எல்லையருகே ஒரு வீடு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர் சிவாஜி சிலையருகே கடக்கும் ஊர் கருவடிக்குப்பம். 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியாருக்குக் 'குயில் பாட்டு' பிறந்த இடமெனச் சொல்லப்படும் குயில்தோப்பு இங்குதான் உள்ளது. இன்றோ மாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன.

வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு இங்கொரு வீடு வாங்கி வாடகைக்கு விட விரும்பும் தமிழகச் சகோதரர்கள் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். சற்றே வடக்கே நம்மவர் நிறைந்து வாழும் கோட்டக்குப்பம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழி ஒன்று, கடற்காற்று ஒன்று, ஆட்சியோ வேறு. பிரெஞ்சியர் 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகத்தை ஒப்படைத்த நிலப்பரப்பு, தமிழக ஊர்களோடு துண்டு துண்டாகக் கலந்து கிடப்பதே காரணம்.

ஆகவே, 'பாண்டிச்சேரி வீடு' எனத் தரகர் காட்டுவது எந்தச் சார்பதிவகத்துக்கு உட்பட்டது என்பதை முதலில் அறிக. வில்லங்கச் சான்றையும் அங்கேயே பெறுக. மூலப்பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருப்பின் அம்மொழி அறிந்த வழக்கறிஞரிடம் காட்டுக. வாடகைக்கெனப் புதுச்சேரியில் 1969இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. தமிழகத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையோடு நின்றுவிடும்.

மற்றொன்று: பெருந்தொகை பெற்று வாடகையின்றிக் குடியமர்த்தும் போக்கியம், கடனுக்கு ஈடாக ஆதாயம் பெறுவதாகும் என உலமாக்கள் பலர் எச்சரிப்பர். மாத வாடகையே ஐயமற்ற வழி.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருமறையின் அல்பகரா அத்தியாயம் பணிக்கிறது. உறவினர் பெயரில் வாங்கினும், வாய்ச்சொல்லை நம்பி வீட்டை ஒப்படையாதீர். வாடகை ஒப்பந்தத்தை எழுதி, சாட்சிகளுடன் கையொப்பமிடுக. தொலைவில் இருப்போருக்கு அந்த ஏடே காவல்.