வலி நின்ற பிறகு

நீர்க்கடுப்பு என்னும் தமிழ்ச்சொல் வலியைப் பெயராகக் கொண்டது. விழிஞ்ஞத்து மலையாளத்தில் அதே நோய் 'மூத்திரப்பழுப்பு'. அங்கே பெயர் சீழைச் சுட்டுகிறது. இரண்டும் வெளியே தெரிவதை வைத்து இடப்பட்டவை. மருத்துவர்கள் வழங்கும் 'தொற்று' என்னும் சொல்தான் காரணத்தை நெருங்குகிறது, தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல் அல்லவா. ஆனால் பற்றிய கிருமி பிறகு எங்கே போகிறது என்பதை மூன்று பெயர்களுமே சொல்வதில்லை.

விழிஞ்ஞம் துறையில் மீனை ஏலத்தில் எடுத்துச் சந்தையிலும் தெருவோரத்திலும் விற்கும் பெண்களுக்கு அந்த விடுபட்ட பகுதிதான் முக்கியம். அருகில் கழிப்பிடம் இல்லாத இடத்தில் நாள் முழுதும் அமர்பவர் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார், வருவதை அடக்கிக்கொள்வார். கோழிக்கோடு மிட்டாய்த்தெருவின் கடைப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களைத் திரட்டிய பி. விஜியின் 'பெண்கூட்டு' முதலில் கேட்டது கழிப்பிடம். உட்காரும் உரிமைக்காகக் கேரளம் சட்டத்தைத் திருத்தியது அதன்பின், 2018இல். தெருவோரத்தில் கூடையுடன் அமர்பவருக்கோ முதலாளி என்று ஒருவர் இல்லாததால் அச்சட்டத்தால் பயனில்லை.

கடுப்பு வந்தால் உடம்புச் சூடு என்று இளநீர் குடிப்பார். தணியாவிட்டால் மாத்திரை வாங்குவார். சில நாளில் வலி நிற்கும். இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வரும்போது, "சுத்தமாக இருக்கக் கூடாதா?" என்ற கேள்வியும் கூடவே வரும். மீன்வாடையோடு வீடு திரும்பும் பெண்ணிடம் அக்கேள்வி சற்றுக் கூடுதல் கூர்மையோடு கேட்கப்படும். அதற்கான விடை அவரது குளியலறையில் இல்லை.

இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகள். சிறுநீரின் ஓட்டமே உடலின் முதல் காவல். சேர்ந்ததை அது அடித்துக்கொண்டு போய்விடும். ஈ.கோலையோ தன் நுண்ணிழைகளின் நுனியிலுள்ள ஃபிம்-எச் என்னும் புரதத்தால் சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றுகிறது. ஓட்டம் வலுக்க வலுக்க அப்பிடி தளராமல் இறுகுகிறது என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. இழுவை கூடும்போது நங்கூரம் மேலும் கவ்வுவதை விழிஞ்ஞத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மேலடுக்காக இருப்பவை குடை உயிரணுக்கள். பை சுருங்கும்போது அவை தம் மேற்சவ்வின் ஒரு பகுதியைச் சிறு பைகளாக மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பை நிறையும்போது மீண்டும் விரிக்கும். பற்றியிருக்கும் கிருமிக்கு இந்த மடிப்பே ஒரு வாசல். உயிரணுவும் சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்ததைத் திருப்பி வெளியே தள்ளும் அதன் முயற்சியை டியூக் பல்கலைக்கழகத்தில் சோமன் ஆபிரகாமின் குழு விவரித்திருக்கிறது. சிறுபையைக் கிழித்துக்கொண்டு உயிரணுவின் உட்பாகத்தில் நுழைந்துவிட்ட கிருமிகளைத் தள்ளுவது கடினம். அவை அங்கே பெருகி, நெருங்கித் திரண்டு, ஒரே உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கில் குடியேறுகின்றன. செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹல்ட்கிரெனின் குழு எலிகளில் இதைக் கண்டு 2003இல் வெளியிட்டது. சில கிருமிகள் பிரியாமல் நீண்ட இழைகளாக வளர்கின்றன. விழுங்க வரும் வெள்ளணுக்களுக்கு அவ்வளவு நீளம் அகப்படுவதில்லை.

உடல் கடைசியாகச் செய்வது தன் சுவரையே உரித்துப் போடுவது. தொற்றுற்ற மேலடுக்கு உதிர்ந்து சிறுநீரில் போகிறது. அந்த உதிர்வினால் அடியிலுள்ள இளம் உயிரணுக்கள் வெளிப்பட, எஞ்சிய கிருமிகள் அவற்றுக்குள் புகுந்து பெருகாமல் உறங்குகின்றன. சிறுநீரில் செறியும் மருந்துகள் பலவும் அந்த இடத்தில் போதிய அளவு சேர்வதில்லை. பெருகாத கிருமியிடம் பல மருந்துகளுக்கு வேலையும் இல்லை. சோதனைச் சீட்டில் 'கிருமி வளர்ச்சி இல்லை' என்றிருக்கும். அது பொய்யன்று, சிறுநீரைப் பற்றிய மெய் மட்டுமே.

எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிவிடக் கூடாது. எனினும் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீர்ப்பை அழற்சி கண்ட 80 பெண்களின் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது, 14 பேருடையதில் கிருமித்திரள் அடைந்த உதிர்ந்த உயிரணுக்கள் இருந்தன. திரும்பி வருவதெல்லாம் உள்ளே உறங்கியது என்றும் சொல்வதற்கில்லை. குடலிலிருந்து புதிதாக வருவதும் உண்டு. ஒருமுறை இந்நோய் கண்ட பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்திற்குள் மீண்டும் வருகிறது. நான்கில் ஒருவர் அழுக்கானவர் என்று எந்த மருத்துவரும் எழுதமாட்டார். ஊர் வாய் மட்டும் எழுதாமலே சொல்லிவிடுகிறது.

மருத்துவமனையில் கேட்டுப் பெறத்தக்கவை சில உண்டு: ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன் சிறுநீர் வளர்ப்புச் சோதனை, அதன் முடிவுக்கேற்ற மருந்து, மாதவிடாய் நின்ற பெண்ணாயின் பிறப்புறுப்பில் இடும் ஈஸ்ட்ரோஜன். ஃபிம்-எச்சின் பிடியில் மேனோஸ் சர்க்கரையைப் போன்ற மூலக்கூறு ஒன்றைத் திணித்து, சுவரைப் பற்றவிடாமலே செய்யும் மருந்துகளும் ஆய்வில் இருக்கின்றன. எலிகளில் அவை நல்ல பலன் தந்திருக்கின்றன.