மார்க் ஆண்டனியின் டெலிபோன்

நேற்று ராத்திரி 'மார்க் ஆண்டனி'யை மறுபடியும் பார்த்தேன். 2023இல் தியேட்டரில் விசிலடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். வீட்டில் தனியாகப் பார்த்தால் விசில் வரவில்லை.

கரு என்னவோ அபாரம். 1995இல் ரிசீவரை எடுத்து 1975க்குப் பேசலாம். எழுத்தாளர் வெல்ஸ் காலத்திலிருந்தே டைம் மெஷின் என்றால் ஏறி உட்கார்ந்து போகிற வண்டிதான். இங்கே குரல் மட்டும் போகிறது. காரைக்கால்காரனுக்கு இது சட்டென்று ஒட்டும். பிரான்சிலிருந்து மாமா பேசுவார் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க போனுக்குக் காவல் இருந்த வீடு எங்களுடையது. லைன் கட்டானதும்தான் அம்மாவுக்குச் சொல்ல மறந்தது ஞாபகம் வரும்.

அந்தத் தவிப்பைப் படத்தில் தேடினேன். கிடைத்தது துப்பாக்கிச் சத்தம். பெல்பாட்டம், கலர் லைட், பழைய பாட்டு எல்லாம் அமர்க்களம்தான். மகன் எஸ்.ஜே. சூர்யா அப்பா எஸ்.ஜே. சூர்யாவோடு போனில் மல்லுக்கட்டும் இடத்துக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. ஆனால் 1963இலேயே 'கலை அரசி'யில் பானுமதியை வேற்றுக்கிரகத்துக்குத் தூக்கிப் போனார்கள், பாட்டு சொல்லித் தர! அந்தப் பறக்கும் தட்டில் இருந்த வெகுளியான ஆச்சரியம் இந்த டெலிபோனில் இல்லை, டைரக்டர் ஆதிக்.

எனக்கு அந்த டெலிபோன் கிடைத்தால் 1954 நவம்பர் 1க்குப் போடுவேன். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அன்று தாத்தா கடைத்தெருவில் என்ன பேசிக்கொண்டு நின்றார் என்று கேட்க வேண்டும். அவர் வீட்டில் அப்போது போன் கிடையாது, அதுதான் சிக்கல்.