சுவரின் மறுபாதி

பூசி, வண்ணமடித்து, குடியேறிவிட்ட வீட்டில் புதிதாக ஒரு மின்கம்பியைக் கொண்டுசெல்வது சிறு வேலைதான். சுவர் இரு குடும்பங்களுக்குப் பொதுவானதாக இருந்தால் அது அமானிதம் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

முதுமையில் கோடையைத் தாங்க முடியாத நம் தாயாரின் அறையில் ஏ.சி. பொருத்த எண்ணினோம். அங்கே இருந்தது விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட 1.5 சதுர மி.மீ. கம்பி. 1.5 டன் ஏ.சி.யை அதில் இணைத்தால் கம்பி சூடேறும். ஆகவே மீட்டர்ப் பலகையிலிருந்து 4 சதுர மி.மீ. செம்புக்கம்பியும், எர்த் கம்பியும், தனி எம்.சி.பி.யும் தேவைப்பட்டன.

வழிகள் மூன்று. பழைய குழாய்க்குள்ளேயே கம்பியை இழுக்கலாம். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது. சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிக்கலாம். குறுகிய பாதை அதுவே, ஆனால் அது பக்கத்து வீட்டோடு பொதுவான 9 அங்குலச் சுவர். சுவரின் மேலேயே பி.வி.சி. பட்டி அடித்துச் சுற்றிக் கொண்டுபோகலாம்.

"நம்ம பக்கம்தானே ஹஜ்ரத், ஒரு அங்குலம் வெட்டினா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் எலக்ட்ரீஷியன். கிடைமட்டக் காடி சுவர்க் கனத்தில் ஆறிலொரு பங்கைத் தாண்டலாகாது என்பது கட்டட வேலையில் கொள்ளும் அளவு. அதன்படி சுவருக்கு ஊறில்லை. உரிமையின் கணக்கோ வேறு.

அண்டை வீட்டார் நம் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்கலாகாது என்னும் கருத்துள்ள நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது உண்டு. அது சுவருக்கு உரியவருக்கான அறிவுரை. கேளாமல் வெட்டும் உரிமையை அது நமக்குத் தருவதாக நாம் கொள்ளவில்லை. உரியவரின் இசைவு வேண்டும் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துமாகும்.

அந்த உரியவர் யார்? பக்கத்து வீட்டுச் சகோதரர் வஃபாத்தாகி இரண்டு மாதமே ஆகியிருந்தது. அவருடைய துணைவியார் இத்தாவில் இருந்தார். "தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லியனுப்பினார். ஆயினும் சுவரின் மறுபாதி இப்போது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. அவர்களில் இருவர் பருவமடையாத பிள்ளைகள். அனாதைகளின் பங்கைத் தாயாராலும் தானமாக விட்டுக்கொடுக்க இயலாது.

ஆகவே பட்டி வழியையே தேர்ந்தோம். 11 மீட்டர் கம்பி கூடுதலாயிற்று. கூடத்துச் சுவரில் வெள்ளைப் பட்டி சற்றே உறுத்துகிறது. இத்தாவில் இருப்பவரின் காதருகே வெட்டும் இயந்திரம் இரையவுமில்லை.

சகோதர சகோதரிகளே, வீட்டில் சுவரை வெட்டுமுன் குழாயில் இடமுண்டா என்று பாருங்கள், மெயினை அணையுங்கள், சுவர் யாருடையது, அவர்களுள் சொல்ல வாய் வராத சிறுவர் உண்டா என்றும் கேளுங்கள். பிறர் உரிமையைப் பேணி வாழும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.