கணக்கில் வராத நாட்கள்

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கடைத்தெருவில் நடந்தால் எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருவண்ணாமலையில் நீறு எல்லா நாளும் எல்லா நெற்றியிலும் உண்டு. எங்களுடையது சிலுவை வடிவில் இடப்பட்டிருப்பதும், சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்தெடுத்த சாம்பல் அது என்பதும் எங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். எங்கள் பாட்டிமார் அந்நாளை விபூதிப் புதன் என்றே சொல்லிவந்தார்கள். ஒருவேளை மட்டும் உண்டு நோற்பதை ஒருசந்தி என்றும், புலால் நீக்கி உண்பதைச் சுத்தபோசனம் என்றும் சொன்னார்கள். அண்டை வீட்டாரும் கிருத்திகைக்கு ஒருசந்தி இருந்தவர்கள்தாம். சொல் பொதுவாக இருந்ததால் எங்கள் நோன்பை யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

தவக்காலத்தை 40 நாள் என்கிறோம். நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தால், திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை வரை 46 நாட்கள் வரும். இடையில் வரும் 6 ஞாயிறுகளை நோன்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோற்கலாகாது என்பது பழைய மரபு. சிறுவயதில் இதை ஒரு சலுகையாகவே நாங்கள் அறிந்திருந்தோம். ஞாயிறு வந்தால் குழம்பில் கறி இருக்கும், அவ்வளவுதான். நோன்பைத் திட்டமிட்டவர்களே அதற்குள் இளைப்பாறுதலையும் வைத்திருக்கிறார்கள், வைத்ததோடு அதைக் கணக்கிலிருந்து விலக்கியும் இருக்கிறார்கள் என்பது வெகுகாலம் எங்களுக்கு உறைக்கவில்லை. எண்ணப்படும் நாட்களுக்கு நடுவே எண்ணப்படாத நாட்கள் இருக்கின்றன. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

2025இல் தவக்காலம் மார்ச் 5ஆம் நாள் தொடங்கியது. வழக்கம்போல நாங்கள் இருவரும் ஒரு பட்டியல் எழுதினோம். காப்பி இல்லை. விடியற்காலை நான்கரைக்கு எழுந்து விவிலிய வாசிப்பு. வெள்ளிதோறும் கோயிலில் சிலுவைப்பாதை. இரவில் அரைமணி நேரம் மௌனம். பட்டியலில் இல்லாத ஒருவர் வீட்டில் இருந்தார். அவர் அம்மா. எங்களில் ஒருவரைப் பெற்றவர், மற்றவருக்கு அத்தை. எண்பதைக் கடந்தவர். மூன்றாண்டுகளாக நினைவு சிறிது சிறிதாக அவரை விட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது. பகலெல்லாம் உறங்கி, இரவு பதினொன்றுக்கு மேல் எழுந்து, தாழ்ப்பாளைத் திறக்க முயல்வார். எங்கே போக வேண்டும் என்று கேட்டால் வீட்டுக்கு என்பார். இதுதான் வீடு என்றால் எங்களை மரியாதையோடு பார்த்து, ‘நீங்க யாரு?’ என்பார்.

இரண்டாம் வாரத்திலேயே நான்கரை மணி வாசிப்பு நின்றது. நான்கரைக்குத்தான் அம்மா கண்ணயர்வார். மௌனமும் போயிற்று. காப்பி மட்டும் மிஞ்சியது. அதாவது, அது இல்லாமை மிஞ்சியது. உறக்கமின்மையோடு சேர்ந்தபோது அது எங்களை ஒருவர் மேல் ஒருவர் எரிந்துவிழச் செய்தது. உடலின் களைப்பைக் காட்டிலும், நோன்பு கைநழுவிப் போகிறதே என்ற எரிச்சல் பெரிதாக இருந்தது. அம்மா எங்கள் தவத்துக்கு இடையூறாக வந்தவர் என்ற எண்ணம் இருவர் மனத்திலும் இருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை.

அந்நாட்களில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தது, ‘அருணாசலத்தின் ரகசியம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வந்த ஒரு நினைவுநூல். எழுதியவர் ஹென்றி லெ சோ. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் 1910இல் பிறந்தவர், பெனடிக்டின் சபைத் துறவி. 1948இல் தமிழ்நாட்டுக்கு வந்து, மோன்சானின் அடிகளாருடன் சேர்ந்து 1950இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கியவர். அபிஷிக்தானந்தர் என்ற பெயரால் இன்று அறியப்படுகிறார்.

1949 ஜனவரியில் அவர் மோன்சானினுடன் முதன்முறையாக எங்கள் ஊருக்கு வந்தார், ரமண மகரிஷியைக் காண. நிறைய வாசித்துவிட்டு, நிறைய எதிர்பார்த்துவிட்டு வந்தார். எதிரே அமர்ந்திருந்த முதியவரிடம் தாம் தேடிய ஒளி எதையும் அவரால் காண முடியவில்லை. தம் சொந்தப் பாட்டனாரைப் போன்ற சாந்தமான ஒரு கிழவரைத்தான் கண்டார். ஏமாற்றமாக இருந்தது. ஆசிரமத்தில் அவர் சந்தித்த எத்தெல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தயவு தாட்சண்யமின்றி ஒன்று சொன்னார்: நீங்கள் மிகுந்த சுமையோடு வந்திருக்கிறீர்கள், வரவேண்டியது நீங்கள் தீர்மானித்த வழியாகவே வரவேண்டும் என்று நிற்கிறீர்கள், முதலில் காலியாகுங்கள். சொன்னதன் சாரம் இது.

அதன் பிறகு லெ சோவுக்குக் காய்ச்சல் கண்டது. திட்டமிட்டபடி எதையும் செய்ய இயலவில்லை. அந்தக் காய்ச்சலின் அரைமயக்கத்தில்தான் மலையும் மகரிஷியும் வேத ஓசையும் அவருக்குள் நுழைந்தன. அறிவு தன் தராசை எடுத்து நிறுத்துப் பார்க்கும் முன்பே உள்ளே ஏதோ ஒன்று இசைந்துவிட்டது என்று அவர் எழுதுகிறார். பின்னர் 1950களில் இம்மலையின் குகைகளில் அவர் பலமுறை தங்கினார். எல்லாவற்றுக்கும் தொடக்கம், பயனற்றுப்போனதாகத் தோன்றிய அந்த முதல் வருகைதான்.

அவர் தேடிவந்த ஆசிரமமே அப்படித் திட்டமின்றி உண்டான இடம் என்பது உள்ளூர்க்காரர்களான எங்களுக்கு நினைவுக்கு வந்தது. 1896இல் பதினாறு வயதில் வீட்டைத் துறந்து இங்கு வந்தவரைத் தேடி, அவருடைய தாயார் அழகம்மாள் 1916இல் மலைக்கே வந்து உடன் தங்கிவிட்டார். 1922 மே மாதம் அவர் மறைந்தபோது உடலை மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். மேலே கந்தாசிரமத்திலிருந்து மகன் அடிக்கடி அந்தச் சமாதிக்கு இறங்கிவருவார். அவ்வாண்டு இறுதியில் ஒருநாள் இறங்கிவந்தவர் திரும்பிப் போகவில்லை. அங்கே ஒரு கொட்டகை எழுந்தது, அதுவே வளர்ந்து ரமணாசிரமம் ஆயிற்று. துறவியைத் தொடர்ந்து வந்த ஒரு தாயின் பொருட்டு உண்டான இடத்தில்தான் இன்று உலகம் வந்து அமர்ந்து இளைப்பாறுகிறது. அம்மாவை இடையூறு என்று எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு இந்த வரலாறு சற்றுச் சங்கடமாகவே இருந்தது.

இனி, அந்த இரவைப் பற்றி. உயிர்ப்புப் பெருவிழா நிலவைக் கொண்டு கணக்கிடப்படுவது. மார்ச் 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்பு ஞாயிறு. எனவே புனித வாரத்தையொட்டி எப்போதும் ஒரு பௌர்ணமி இருக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் அது பங்குனிப் பௌர்ணமி, சில ஆண்டுகளில் சித்திரைக்குத் தள்ளிப்போகும். மற்ற ஊர்களில் இது பஞ்சாங்கச் செய்தி. திருவண்ணாமலையிலோ, பௌர்ணமி என்றால் பல லட்சம் பேர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க வந்து சேர்கிறார்கள். சிலுவைப்பாதைக்கும் 14 நிலைகள். இந்த ஒற்றுமைக்கு நாங்கள் பொருள் எதுவும் கற்பிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பது உண்டு.

2025இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளி. குருத்து ஞாயிறு ஏப்ரல் 13. இரண்டுக்கும் நடுவே சனிக்கிழமை இரவு முழுநிலவு. அன்று மாலை இருவரும் கோயிலுக்குப் போய் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றுவர எண்ணியிருந்தோம். அம்மாவுடன் இருக்க வருகிற பெண், பேருந்துகளெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்தப்பட்டதால் வந்துசேர முடியவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். பட்டியலில் கடைசியாக மிஞ்சியிருந்ததும் போயிற்று.

எங்கள் வீடு செங்கம் சாலையில் கிரிவலப் பாதையை ஒட்டியது. பழைய திண்ணை இன்னும் இருக்கிறது. பதினொரு மணிக்கு அம்மா எழுந்து தாழ்ப்பாளைப் பிடித்தபோது, தடுக்கும் தெம்பு எங்கள் இருவருக்குமே இல்லை. கதவைத் திறந்து அவரைத் திண்ணையில் உட்காரவைத்தோம். எதிரே வெறுங்காலோடு ஓயாமல் மக்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தோளில் குழந்தையோடு தகப்பன்மார், கைகோத்த பெண்கள், கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டபடி இளைஞர்கள். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கைகளின் பரபரப்பு மெல்ல அடங்கியது. பிறகு கேட்டார்: ‘எல்லாரும் வேளாங்கண்ணிக்கா போறாங்க?’

அவர் கேட்டதில் தவறில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுத்த கைகள் அவருடையவை. நாங்கள் பதில் சொல்வதற்குள், கால்வலியோடு திண்ணையின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு வயதான பெண்மணி திரும்பி, ‘ஆமாம்மா, அங்கதான்’ என்றார். அவர் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. முந்தானையில் கற்பூரம் முடிந்திருந்தது.

அம்மா எங்களைப் பார்த்து, ‘தண்ணி குடுங்க, நடந்து வர்றாங்க இல்ல’ என்றார். குடத்தையும் இரண்டு தம்ளர்களையும் கொண்டுவந்து வைத்தோம். நாங்கள் மொண்டு தர, அம்மா வாங்கிப் போவோர்க்குக் கொடுத்தார். அரைமணி நேரம் அப்படிக் கழிந்திருக்கும். பிறகு அவர் பக்கத்திலிருந்த பெண்மணியின் தோளில் தலைசாய்த்து உறங்கிவிட்டார். பெண்மணியோடு வந்தவர்கள் கிளம்பலாம் என்று சைகை காட்டினார்கள். அவர் அசையவில்லை. உதட்டில் விரல்வைத்து, போய்க்கொண்டிருங்கள் என்று கைகாட்டினார். அவர்களும் போகாமல் சாலையோரத்திலேயே அமர்ந்துகொண்டார்கள். நாங்கள் சுவரில் சாய்ந்தோம். ஐந்து வாரங்களில் முதன்முறையாக, யாரும் விழித்திருக்க வேண்டிய முறை வைக்காமல், இருவரும் ஒரே நேரத்தில் உறங்கிப்போனோம்.

அந்தப் பெண்மணி எங்களை எழுப்பியபோது ஒரு மணிக்கு மேல் ஆகியிருந்தது. ‘நல்லாத் தூங்குறாங்க, உள்ள படுக்க வெச்சிடுங்க. நான் முடிச்சிட்டு ஊருக்குப் போகணும்’ என்றார். பெயரையும் ஊரையும் கேட்கத் தோன்றவில்லை. அம்மா விடியும்வரை எழவில்லை.

தமிழ்நாட்டுப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களை வாசகர்கள் பார்த்திருக்கலாம். இரண்டு நட்ட கற்களின் மேல் படுக்கவைத்த ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றி இறக்கிவைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் வாகான உயரம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுவுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாமலே போன ஒரு சுமையின் பொருட்டு, முன்பின் தெரியாத வழிப்போக்கர்களுக்கு ஓர் இறக்கிவைப்பு. சுமைதாங்கி சுமையை எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை. சற்று நேரம் தாங்குகிறது. பிறகு நாம்தான் சுமக்க வேண்டும். ஆனால் அந்தச் சற்று நேரத்துக்குப் பின் சுமக்கிறவர் வேறு ஆளாகிவிடுகிறார்.

இதிலிருந்து திட்டங்கள் வீண், நோன்புகள் வீண் என்ற முடிவுக்கு நாங்கள் வரவில்லை. 40 நாட்களை எண்ணினால்தான் 6 நாட்கள் எண்ணப்படாமல் நிற்க முடியும். லெ சோ கடல்கடந்து, எதிர்பார்ப்புகளைச் சுமந்து, இம்மலைவரை வந்ததனால்தான் அவர் காய்ச்சலில் விழுந்த இடம் அருணாசலமாக இருந்தது. முயற்சி நம்மை வாசல்வரை கொண்டுவருகிறது. கதவைத் திறப்பது வேறு ஏதோ ஒன்று. பல வேளைகளில் அது நம் முயற்சி தோற்ற இடத்தில்தான் கைவைக்கிறது.

அவருடைய வாழ்வின் இறுதியும் அப்படியே அமைந்தது. 1973 ஜூலை 14ஆம் நாள், தம் சீடருடன் மேற்கொண்டிருந்த தனிமைத் தவத்துக்கு உணவுப்பொருள் வாங்க ரிஷிகேசம் வந்தவர், பேருந்தைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பால் சாலையில் விழுந்தார். அசைய இயலாமல் அங்கே கிடந்த நேரத்தை விபத்தாக அவர் பின்னர் குறிப்பிடவில்லை. தம் வாழ்நாள் முழுதும் தேடியது அங்கேதான் கைக்கெட்டியது என்று நண்பர்களுக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் இந்தூரில் மறைந்தார். குகைகளில் பல்லாண்டு அமர்ந்தவருக்கு அது ஒரு தெருவோரத்தில் கிடைத்தது.

அம்மாவின் நிலையில் மாற்றம் எதுவுமில்லை. இரவுகளில் எழுகிறார், தாழ்ப்பாளைத் தேடுகிறார், எங்களை யாரென்று கேட்கிறார். நாங்கள் கதவைத் திறந்து திண்ணைக்கு அழைத்துப் போகிறோம். பௌர்ணமி இல்லாத இரவுகளில் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். எப்போதாவது ஒரு சாமியார், ஒரு நாய், ஒரு பால்வண்டி. ‘எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்களா?’ என்று அம்மா கேட்பார். சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல இப்போது எங்களுக்கும் தெரியும்.