கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பாலர் வகுப்பு

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குப் போகும் ரயிலை அகலப் பாதை போடுவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தினார்கள். தேனி வரையில் 2022-லும், போடி வரையில் 2023-லும் அது மறுபடி ஓடத் தொடங்கிற்று. அந்த ரயிலில் ஒரு முறை போய் வர வேண்டுமென்ற ஆசை எனக்கு; உத்தமபாளையத்திலுள்ள தன் தமையனாரைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை என் மனைவிக்கு. நாலு வயதான எங்கள் இளைய மகளுக்குத் தனியாக ஆசை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் இல்லாத ஊர் எதுவானாலும் அவளுக்குச் சம்மதம்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இருபது வருஷமாக நான் உபாத்தியாயர். ஊரார் பிள்ளைகளுக்குப் படிப்பில் ருசி உண்டாக்குவது என் தொழில். அப்படிப்பட்டவன் வீட்டுக் குழந்தை, காலையில் சீருடையைக் கண்டதும் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறது! மூன்றரை வயதில் அவளை எங்கள் ஊரில் ஒரு பள்ளியில் சேர்த்தோம். கோடு போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிவரச் சொன்னார்கள். விரல் வலிக்கிறதென்று குழந்தை அழுதது. பள்ளியை மாத்திரம் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பிஞ்சு விரல்களைப் பென்சிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்து எழுத வைத்தவன் நான்தான்.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. அதுவரை கூட வந்த வறண்ட கரிசலும் கருவேலமும் பின்தங்க, மூன்று பக்கமும் மலைகள் எழுகின்றன. வடக்கே பெரியகுளத்துக்கு மேலே நிற்பது கொடைக்கானல் மலை. கும்பக்கரை, வெள்ளகவி வழியாக அந்த மலைக்கு ஏறும் பழைய நடைபாதை இன்னும் இருக்கிறது. அந்த மலையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

தேனியில் இறங்கி, வீரபாண்டி, சின்னமனூர் வழியாக பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் நெல், தென்னை, வாழை. உத்தமபாளையத்தை நெருங்கினால் திராட்சைப் பந்தல். மேற்கே ஓடி வீணாகக் கடலில் கலந்த பெரியாற்று நீரை 1895-ல் அணை கட்டிக் கிழக்கே திருப்பியதால் வந்த செழிப்பு இது. வெள்ளைக்காரர்களிலே கர்னல் பென்னிகுயிக் ஒருவருக்குத்தான் இந்தப் பக்கத்து ஜனங்கள் பொங்கல் வைக்கிறார்கள். நல்லது செய்தவர் யாராயிருந்தாலும் இந்தப் பள்ளத்தாக்கு மறப்பதில்லை.

மறுநாள் விடியுமுன் வெளியே ஜீப் வண்டிகளின் உறுமல் கேட்டு விழித்தேன். ஒவ்வொரு ஜீப்பிலும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தூக்குச்சட்டி, தலையில் துணிக்கட்டு.

"எங்கே போகிறார்கள், மாப்பிள்ளை?" என்று மைத்துனரைக் கேட்டேன்.

"ஏலக்காட்டு வேலைக்கு, அத்தான். மலையேறிக் கேரளத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள்."

"கைக்குழந்தைக்காரிகளும் இருக்கிறார்களே, குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால், வாருங்கள், காட்டுகிறேன்."

அவர் என்னையும் குழந்தையையும் அழைத்துப் போனது, கம்பத்துக்கும் மலையடிவாரத்துக்கும் இடையே ஒரு கிராமத்திலிருந்த கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கு. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்கள் இந்தப் பகுதியில் உண்டு. நான் பார்த்த பள்ளியின் பெயரை எழுத வேண்டாமென்று அதன் தலைமைச் சகோதரி கேட்டுக்கொண்டபடியால் எழுதவில்லை.

மணி ஏழு கூட ஆகவில்லை. ஓட்டுக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் பதினைந்து இருபது குழந்தைகள் இருந்தார்கள். ஒரு சிறுமி செம்பிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் புளியங்கொட்டையையும் சோழியையும் தனித்தனியே பிரித்தான். உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டியிருந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, "இது 'ப'!" என்று கூவியது ஒரு வாண்டு. சுவரோரத்தில் தட்டு நிறைய மணல். அதட்டல் இல்லை, ஆச்சரியம் என்னவென்றால், கூச்சலும் இல்லை.

மனத்திலிருந்ததை மறைக்காமல் கேட்டேன்: "அம்மா, பெரும்பாலும் ஹிந்துக் குழந்தைகள், முஸ்லிம் குழந்தைகளும் தெரிகின்றன. மதபோதனை உண்டா?"

"காலையில் ஒரு நிமிஷம் கைகூப்பி நிற்போம், ஐயா. வீட்டில் சொல்லித் தந்த சுலோகத்தைச் சொல்கிற குழந்தை அதையே சொல்லட்டும். இந்த வயதில் பசிக்கும் தூக்கத்துக்கும் மதம் ஏது?" என்றார் சகோதரி. பேச்சும் பாட்டும் கதையும் எல்லாம் தமிழிலேயே நடந்தன.

உப்புத்தாள் எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கொடைக்கானல் ஞாபகம் வந்தது. இம்முறையை வகுத்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர். யுத்தம் மூண்டபடியால் இத்தாலிக்காரரான அவர் நம் நாட்டிலேயே தங்க நேரிட்டது. 1942 முதல் 1944 வரை அவர் இருந்த இடம் கொடைக்கானல். மலையையும் மரத்தையும் பூச்சியையும் கொண்டே குழந்தைகளுக்குப் பிரபஞ்சத்தை அறிமுகப்படுத்தும் பாடத்திட்டத்தை அவர் அங்கேதான் வளர்த்தார். அதற்கெல்லாம் முன்பு, 1907-ல், ரோமாபுரியின் ஸான் லொரென்ஸோ பகுதியில் அவர் தொடங்கிய முதல் பாலர் இல்லம் எப்படிப்பட்டது? தாய் தந்தையர் விடிந்ததும் கூலிக்குப் போய்விட, வீட்டில் தனித்து விடப்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கான இடம் அது. இந்தத் தாழ்வாரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் அதிகம் இல்லை.

மணல் தட்டோ நம்முடைய சொந்தச் சொத்து. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதியவர்கள் நம் பாட்டன்மார்கள். 1789 முதல் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். இங்கிலாந்து முழுவதும் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயருடன் பரவிற்று. சீமைக்குப் போய்ப் புகழ் பெற்ற மணலை, நாகரிகம் இல்லையென்று நாம் வாசலுக்கு வெளியே கொட்டிவிட்டோம்.

மாலையில் மறுபடி அங்கே போனேன். ஜீப்பிலிருந்து இறங்கி வந்த ஒரு தாய், சேலை முழுவதும் ஏலக்காய் மணக்க, சகோதரியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுத்த வீட்டுப் புள்ள வேன்ல போகுது, சிஸ்டர். நோட்டு நிறைய இங்கிலீசு எழுதிட்டு வருது. எம் மகன் நோட்டுல ஒரு எழுத்துக்கூட இல்லையே? நாந்தான் ஏலக்காட்டுக்குப் போறேன், அவனாச்சும்..."

சகோதரி பதில் சொல்லாமல் பையனை மணல் தட்டண்டை அழைத்துப் போனார். அவன் தயங்காமல் 'ப' எழுதினான், 'ட' எழுதினான், 'ம்' வைத்தான்.

தாய் குனிந்து பார்த்தாள். "மணல் அழிஞ்சு போயிருமே, சிஸ்டர்?"

"விரல்ல இருக்கும், தாயி."

அந்தத் தாய் முழுவதும் சமாதானமானதாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் குறைவதாகவும், எத்தனை நாள் இந்த வகுப்பை நடத்த முடியுமென்று தெரியவில்லை என்றும் சகோதரி பிற்பாடு சொன்னார். காலைச் சிற்றுண்டித் திட்டம் 2024-ல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் அது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையில்தான். அதற்கும் சிறிய குழந்தைக்கு அங்கன்வாடி உண்டு. ஜீப் புறப்படும் நேரத்துக்குக் கதவு திறக்கும் இடமோ இந்தத் தாழ்வாரம்தான்.

அந்தத் தாயை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கூலிக்காரி நோட்டைப் பார்த்துக் கல்வியை அளக்கிறாள் என்றால், அந்த அளவுகோலை அவளுக்குக் கொடுத்தவர்கள் யார்? பட்டம் பெற்ற நாம்தான். என்னைப் போன்ற உபாத்தியாயர்கள்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் என் மகள் சப்தம் செய்யாமல் மணல் தட்டின் முன் போய் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுதியது என்ன எழுத்தென்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயலவும் இல்லை. அவள் கையைப் பிடிக்கவும் இல்லை.

புறப்படுகிற அன்று முல்லையாற்றங்கரையில் கைக்குட்டையில் கொஞ்சம் மணல் முடிந்துகொண்டேன். ஆற்று மணல் அள்ளுவது இந்நாளில் பெரிய குற்றம் என்பதை அறிவேன். அதிகாரிகள் இதைப் படிக்க நேர்ந்தால், ஒரு கைக்குட்டை அளவுக்கு மன்னிக்க வேண்டும். அந்தக் கோடு போட்ட நோட்டை வேண்டுமானால் பதிலுக்குக் கொடுத்துவிடுகிறேன்.