'யேதோ' என்று சொல்லிப் பிரிகிற ஊர்

மும்பையில் குடியிருப்பவர்களாயின் தாதர் நிலையத்தின் நடைமேம்பாலத்தை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் சந்திக்கிற இடம் அது. வேலை முடிந்து சேர்ந்து வரும் தோழர்கள் அங்கேதான் பிரிகிறார்கள்; ஒருவர் கல்யாண் பக்கம், மற்றவர் விரார் பக்கம். (2023 டிசம்பரில் பிளாட்பாரங்களுக்கு 1 முதல் 14 வரை ஒரே தொடர் எண் கொடுத்துவிட்டபடியால், இரண்டு 'ஒன்றாம் நம்பர்' பிளாட்பாரங்களில் ஒருவரையொருவர் தேடுகிற தொல்லை இப்போது இல்லை.) அடுத்த முறை சற்று ஓரமாய் நின்று, அவர்கள் கடைசியாய்ச் சொல்லும் வார்த்தையைக் கவனித்துக் கேளுங்கள்.

மராத்தியர் "யேதோ" என்பார்; பெண்ணானால் "யேதே". அதன் பொருள் 'வருகிறேன்'. புறப்படுகிறவர் வருகிறேன் என்கிறார்! "ஜாதோ", அதாவது போகிறேன், என்று ஒரு பிள்ளை வாய்தவறிச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் உடனே திருத்துவார்கள். "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வாறேன்னு சொல்லு" என்று நம் பாட்டிமார் கடிந்துகொண்டது உங்களுக்கு நினைவு வரும். குஜராத்தியர் "ஆவ்ஜோ", வாருங்கள், என்கிறார்கள். வழியனுப்புகிறவருக்கும் விடைபெறுகிறவருக்கும் அந்த ஒரே சொல்தான். வங்காளியரின் "ஆஷி"யும் வருகிறேன் என்பதே. கன்னடரின் "ஹோகி பர்த்தீனி", தெலுங்கரின் "வெள்ளொஸ்தானு" ஆகியவை நமது சொல்லின் உடன்பிறப்புகள். ஒரே சாலில் இத்தனை பாஷைக்காரர் வாழ்ந்தும், 'போகிறேன்' என்று மட்டும் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"யேதோ"வுக்கு மறுமொழியும் உண்டு. அநேகர் இதை அறியாமல் "அச்சா" என்று தலையாட்டி விட்டுவிடுகிறோம். சிநேகிதனானால் "யே", வா. மூத்தவரானால் "யா", வாருங்கள். அதன்பின் "நீட் ஜா", பத்திரமாய்ப் போ என்பார்கள். "போச்லாஸ் கீ ஃபோன் கர்", போய்ச் சேர்ந்ததும் போன் செய் என்பார்கள். இந்நகரத்து ஆண்கள் தங்கள் சிநேகிதர்களிடம் 'உன்மேல் எனக்குப் பிரியம்' என்று வாய்திறந்து சொல்லி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். இவ்வளவுதான் சொல்வார்கள். இது வெறும் உபசாரமும் அல்ல. 2023-லும் 2024-லும் மும்பையின் புறநகர் ரயில் பாதைகளில் ஆண்டுக்கு 2,000-க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். கதவோரம் தொங்கிக்கொண்டு போகிறவனிடம் பத்திரமாய்ப் போ என்று சொல்கிறவனுக்கு, தான் ஏன் அதைச் சொல்கிறோம் என்று தெரியும்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதத்தில் லோக்கல் வண்டிகள் நின்றன. மே 1 முதல் நாட்டில் ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியபோது, பயணம் உறுதியானவர்களைத் தவிர வேறெவரும் நிலையத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. மிலேத்துவிலிருந்து புறப்பட்ட பவுலோடு எபேசு சபையின் மூப்பர்கள் அழுதுகொண்டே கப்பல்வரைக்கும் போனதை நாம் வாசித்திருக்கிறோம். அந்த மே மாதத்தில் பக்கத்து அறைத் தோழனோடு நிலைய வாசலைத் தாண்ட முடியவில்லை. மூட்டை முடிச்சுகளோடு எத்தனையோ பேர் "யேதோ" என்று சொல்ல ஆளின்றியும், சொன்னாலும் "யே" என்ற பதில் காதில் விழாமலும் புறப்பட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 15 அன்று, தடுப்பூசியின் இரண்டு தவணைகளையும் போட்டுக்கொண்ட பொதுமக்களுக்கு லோக்கல் வண்டிகள் திறந்துவிடப்பட்டன. தாதர் பாலம் மீண்டும் நிரம்பியது. திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்களும் உண்டு. வராதவரின் நம்பர் இன்னும் உங்கள் போனில் இருக்குமானால், இன்று மாலை வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அழைத்துப் பேசுங்கள். போனை வைக்கும்முன் அவர் "யேதோ" என்பார். பதில் உங்களுக்குத் தெரியும்.