தொட்டிக்கட்டு வீடு

காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊர். என் அப்பன் பண்ணையத்துக்கு இருந்த தொட்டிக்கட்டு வீடு விலைக்கு வந்திருக்கிறது. "வந்து பாருங்க தம்பி" என்றார் தரகர். வெளியூர்க்காரர், நான் எந்த வளவு என்று அவருக்குத் தெரியாது. போனேன்.

நிலைப்படியில் என் கால் தானாக நின்றுவிட்டது. எம்.ஏ. படித்த கால். தரகர் மறுபடியும் கூப்பிட்ட பிறகுதான் தாண்டியது.

நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் தாழ்வாரம், தேக்குத் தூண்கள், சுண்ணாம்புக் காரைச் சுவர். ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டி விலை சொன்னார். "இந்தக் காலத்துல இப்பிடிக் கட்ட முடியுமுங்களா?"

முடியாதுதான். கிணற்றில் கவலை ஓடிய நாளில் தோல் பறி தைத்துக் கொடுத்தவர் என் தாத்தன். அந்தத் தண்ணீரில் விளைந்த காசுதான் இந்தத் தூணும் சுவரும். அவருக்கான கூலித் தவசத்தை வெளிவாசலில்தான் அளந்து போட்டார்கள். தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது 1955இல். நாற்பது வருசம் கழித்து நான் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு போனபோதும், நாங்கள் தண்ணீர் குடிக்கிற கொட்டாங்குச்சி தொழுவத்து எரவாணத்தில்தான் செருகியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். இருபது வருசம் அங்கே சாணி அள்ளியவள்.

"உள்ளயே போனியா? அந்த ஊட்டுல சமையக்கட்டு எந்தப் பக்கம்டா?" என்றாள்.

பழைய வீடுகளின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அவளுக்குப் பதில் சொல்லட்டும்.